மணலூர் மணியம்மையின் சிலம்பம்

மாலை ஆறு மணிக்கு மயிலாடுதுறை பேருந்து நிலையத்திலே சற்று நின்று பாருங்கள். ஞானாம்பிகை மகளிர் கல்லூரி மாணவிகள் ஒருபுறம், மன்னம்பந்தலிலிருந்து திரும்பும் மாணவிகள் மறுபுறம். துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் வேலை முடித்துவிட்டு வரும் பெண்கள் இன்னொருபுறம். பெரும்பாலோர் கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கிறது. இருட்டுவதற்கு முன் ஊர் போய்ச் சேர வேண்டும். இறங்கும் இடத்திலிருந்து வீடு வரை ஒரு மைல், இரண்டு மைல் வயலோரப் பாதை. விளக்கு இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. வீட்டிலே தாய் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள்.

இந்தப் பயத்துக்கு நம் குடும்பங்கள் கண்டிருக்கும் மருந்து என்ன? மாலை வகுப்பு வேண்டாம் என்கிறோம். விளையாட்டுப் பந்தயம் வேண்டாம் என்கிறோம். வெளியூர் வேலை வேண்டாம், கூட்டத்துக்குப் போக வேண்டாம், வீட்டோடு இரு, பத்திரமாக இரு என்கிறோம். தவறு செய்கிறவன் வீதியிலே உலவுகிறான். தவறு செய்யாதவள் வீட்டிலே பூட்டப்படுகிறாள். பெற்றோரின் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பு கேட்கும் விலையைக் கணக்குப் பார்க்க வேண்டும் அல்லவா? எத்தனை பெண்களின் படிப்பு நின்றிருக்கிறது! எத்தனை பெண்கள் கைக்கு வந்த வேலையை விட்டிருக்கிறார்கள்!

இதே காவிரி மண்ணிலே, இதைவிடப் பன்மடங்கு இருண்ட காலத்திலே, வேறொரு மருந்தைக் கண்டுபிடித்த ஒரு பெண்மணி இருந்தார். இந்த வட்டாரம் பெண்களால் பெருமை பெற்ற வட்டாரம். தென்னாப்பிரிக்கப் போராட்டத்திலே சிறை சென்று 1914-ல் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் தில்லையாடி, கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையாரின் மூவலூர் நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. அவர்கள் பெயர் பாடப்புத்தகத்திலே வந்துவிட்டது. அரசாங்கத் திட்டங்களிலும் வந்துவிட்டது. அவர்களை அறிந்த அளவுக்கு நம் பிள்ளைகள் அறியாத ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம். அவர்தான் மணலூர் மணியம்மை.

மாயவரத்துக்குத் தெற்கே, திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்திலே உள்ள சிற்றூர் மணலூர். அந்நாளில் எல்லாம் ஒரே தஞ்சை ஜில்லா. அம்மையாரின் இயற்பெயர் வாலாம்பாள். ஆச்சாரம் மிக்க பிராமணக் குடும்பம். குழந்தை மணத்தைத் தடுத்த 1929-ஆம் ஆண்டு சாரதா சட்டம் வருவதற்கு முந்திய காலம் அது. பத்து வயதளவில், பாவாடை கட்டிய பருவத்திலே, நாகப்பட்டினத்து வழக்கறிஞர் ஒருவருக்கு இரண்டாந்தாரமாக அவரைக் கொடுத்தார்கள். கணவர் வயதிலே எவ்வளவோ மூத்தவர். இளம் வயதிலேயே அவரும் காலமானார். வாலாம்பாள் விதவையானார்.

அக்காலத்து அக்கிரகாரத்திலே விதவைக்கு என்ன விதிக்கப்பட்டிருந்தது? மழித்த தலை, வெள்ளைப் புடவை, ஒரு வேளைச் சோறு, வீட்டின் ஓர் இருட்டு மூலை. சுபகாரியத்துக்கு முன்னே வரக்கூடாது, வாசலுக்கும் வரக்கூடாது. இதற்கெல்லாம் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே ஒன்றுதான்: பெண்ணுக்குப் பாதுகாப்பு, குடும்பத்துக்கு மானம். அந்த மூலையிலே கிடந்த பெண்களை உறவினர்களே ஏமாற்றினார்கள், சொத்தைப் பிடுங்கினார்கள், வேறு கொடுமைகளும் செய்தார்கள். வாய் திறந்து சொல்ல வழி கிடையாது; சொன்னால் கேட்பாரும் கிடையாது. நான்கு சுவருக்குள் இருப்பதே பாதுகாப்பு என்ற பேச்சு எவ்வளவு பொய் என்பதற்கு அந்த விதவைகளின் வாழ்வே சாட்சி.

வாலாம்பாள் மூலையிலே உட்காரவில்லை. படித்தார், நாட்டு நடப்பைக் கேட்டறிந்தார், காங்கிரஸ் இயக்கத்திலே சேர்ந்தார், கதர் நூற்றார். பிறகு சேரிப் பக்கம் காலெடுத்து வைத்தார். அங்கே குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பண்ணையாள் குடும்பங்களின் சுகதுக்கங்களை விசாரித்தார். தெருவைக் கடந்து போனதற்காக அக்கிரகாரம் அவரைத் தள்ளிவைத்தது. தள்ளிவைத்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவரைக் கவலைப்பட வைத்தது சேரியிலே அவர் கண்ட காட்சி.

அந்தக் காட்சியை இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். பண்ணையாள் என்றால் குடும்பத்தோடு அடிமை. விடிவதற்கு முன் வயலுக்குப் போக வேண்டும். இருட்டிய பின் திரும்ப வேண்டும். தாமதமானால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்து வாயிலே ஊற்றும் சாணிப்பால் தண்டனை. பெண்களுக்கு இவற்றோடு இன்னொரு துன்பமும் சேர்ந்தது. நாற்றங்காலிலும் நடவிலும் களத்துமேட்டிலும் அவர்கள் பண்ணையாரின் காரியக்காரன் கண்முன்னே வேலை செய்ய வேண்டும். அவன் வாய்க்கு வந்ததைப் பேசுவான், கை நீட்டுவான். புகார் சொல்லப் போனால் அந்தப் புகாரை விசாரிப்பவரும் அதே பண்ணையார்தான். பெண்ணின் கணவனோ கட்டிவைத்து அடிக்கப்படுவோம் என்ற பயத்திலே தலைகுனிந்து நிற்பான்.

1943-ல் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்தார். மன்னார்குடிக்கு அருகே தென்பரையிலே விவசாயிகள் சங்கம் முளைத்தது. ஊர் ஊராகச் செங்கொடி ஏறிற்று. அடிபட்டவன் அடியை வாங்கிக்கொண்டு நிற்காமல் எதிர்த்து நிற்க வேண்டும் என்று அவர் பண்ணையாள்களுக்குக் கற்பித்தார். 1944-ல் மன்னார்குடியிலே ஏற்பட்ட உடன்பாட்டில் சாணிப்பாலும் சவுக்கடியும் கூடாதென்று எழுதி வாங்கினார்கள். மணியம்மை காங்கிரஸிலிருந்து இந்தச் சங்கத்தின் பக்கம் வந்து சேர்ந்தார். பாட்டாளிப் பெண்களிடையே அவர் தங்குதடையின்றிப் பழகினார்.

இங்கேதான் நம் விஷயத்துக்கு வருகிறோம்.

சங்க வேலை என்பது மேஜைமுன் உட்கார்ந்து செய்யும் வேலையன்று. பண்ணையாள்கள் பகலெல்லாம் வயலிலே இருப்பார்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் இரவிலேதான் போக வேண்டும். கிராமத்துக்குக் கிராமம் ஏழெட்டு மைல். ஒற்றையடி வரப்பு, வாய்க்கால், மூங்கில் பாலம், புதர். வழியிலே பண்ணையாரின் அடியாட்கள். ஒரு பெண், அதுவும் விதவை, இந்த வழியிலே தனியாகப் போவதாவது! பகைவர்கள் முதலிலே எடுத்தது அவதூறு என்ற ஆயுதம். ஆடவர்களோடு சுற்றுகிறாள் என்றார்கள். நடத்தை கெட்டவள் என்றார்கள். அந்த ஆயுதம் முனை மழுங்கியதும் அடியாட்களை நம்பினார்கள்.

மணியம்மையின் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, போகாமல் இருப்பது. மற்றொன்று, போகும் இடமெல்லாம் ஓர் ஆண்பிள்ளையைத் துணைக்கு அழைப்பது. முதல் வழியிலே வேலை நின்றுவிடும். இரண்டாவது வழியிலே, துணைக்கு ஆள் கிடைக்கும் நாளிலே மட்டும் வேலை நடக்கும். அம்மையார் இரண்டையும் விட்டு மூன்றாவது வழியை எடுத்தார்.

தலைமுடியைக் கத்தரித்து ஆண்களைப்போல் கிராப்பு வைத்துக்கொண்டார். புடவையை விட்டு வேட்டி கட்டினார். அரைக்கைச் சட்டை அணிந்தார். தோளிலே ஒரு துண்டு போட்டுக்கொண்டார். இதைச் சிலர் விநோதம் என்று சிரித்தார்கள். விநோதம் என்ன இதிலே? ஒன்பது கெஜப் புடவையோடு வாய்க்காலைத் தாண்ட முடியுமா? பின்னலைப் பிடித்து ஒருவன் இழுத்தால் என்ன செய்வது? இருட்டிலே தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு வரப்பிலே நடப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாமல் இருப்பதே ஒரு காவல் அல்லவா? தம் வேலைக்கு ஏற்ற உடையை அவர் அணிந்தார், அவ்வளவுதான்.

அதோடு நிற்கவில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றார். குதிரை பூட்டிய வண்டியைத் தாமே ஓட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலம்பம் கற்றார். அக்கிரகாரத்திலே பிறந்து, மூலையிலே உட்காரும்படி விதிக்கப்பட்ட ஒரு கைம்பெண், கம்பைக் கையிலெடுத்து வீசிப் பழகினார் என்றால் அந்த நாளிலே அதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

சிலம்பம் என்றதும் திருவிழாவிலே நெருப்புப் பந்தம் சுற்றுவதுதான் பலருக்கு நினைவு வரும். பழகியவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். வாத்தியார் முதலிலே கம்பைக் கொடுத்து அடிக்கச் சொல்வதில்லை. காலடி வரிசையைத்தான் சொல்லிக்கொடுப்பார். எப்படி நிற்பது, எப்படி விலகுவது, எதிரி முன்னேறும்போது எந்தப் பக்கம் கால் மாற்றுவது என்பதே முதற்பாடம். பிறகு வீச்சு. ஏறக்குறைய புருவ உயரமுள்ள கம்பு சுழலும்போது அந்த வட்டத்துக்குள் கால் வைக்க ஒருவனும் துணியமாட்டான். பலபேர் சூழ்ந்துகொண்டால், எல்லோரையும் வீழ்த்த வேண்டியதில்லை. ஒரு பக்கம் வழி ஏற்படுத்திக்கொண்டு வெளியேறினால் போதும். பார்வை எதிராளியின் கம்பிலே மட்டுமின்றி, அவன் கண்ணிலும் காலிலும் இருக்க வேண்டும். உடல் பலம் குறைந்தவர், பலம் மிகுந்தவரைத் தம்மிடமிருந்து எட்டத்தில் நிறுத்தி வைக்கும் வித்தை இது. பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வித்தை வேறென்ன இருக்கிறது?

கம்பு அவருக்குக் கொடுத்தது அடிக்கும் பலத்தை மட்டுமா? இல்லை. எந்த ஊருக்கும் எந்த நேரத்திலும் யாரையும் கேட்காமல் புறப்படும் உரிமையை அது கொடுத்தது. மணியம்மைக்குச் சிலம்பம் தெரியும் என்ற செய்தி அவருக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். பார்த்தவர்களுக்கும் தைரியம் பிறந்தது. அம்மாவே போகிறார், நமக்கென்ன என்று பண்ணைப் பெண்கள் கூட்டத்துக்கு வந்தார்கள், ஊர்வலத்திலே நடந்தார்கள். நாகப்பட்டினத்து ஆலைத் தொழிலாளர்களிடையிலும் அவர் சங்க வேலை செய்தார். 1948-க்குப் பின் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளிலே சிறையும் சென்றார்.

அந்த ஆண்டுகளின் போராட்டம் வீண் போகவில்லை. 1948-ல் நம் மாயவரத்திலேயே மிராசுதார்களுக்கும் விவசாயிகளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1952 ஆகஸ்டில் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவசரச் சட்டமாகப் பிறந்தது. பண்ணையாளைக் காரணமின்றி விரட்டுவது தடுக்கப்பட்டது. வரப்பிலே இரவு நடந்தவர்களின் காலடிகள் அந்தச் சட்டத்தின் பின்னே இருக்கின்றன. அவற்றுள் மணியம்மையின் காலடியும் ஒன்று.

அடுத்த ஆண்டே, 1953-ல், அம்மையார் மறைந்தார். மறைந்த விதம் கேட்டால் மனம் பதறும். திருவாரூர் அருகே பூந்தாழங்குடிக்குப் போயிருந்தபோது வளர்ப்பு மான் ஒன்று கொம்பினால் குத்திவிட்டது. அது தற்செயலா, யாரேனும் ஏவியதா என்ற சந்தேகம் அந்தப் பக்கத்து மக்கள் மனதிலிருந்து நீங்கவேயில்லை. எத்தனையோ அடியாட்களுக்கு அஞ்சாமல் நடந்தவரின் முடிவு இப்படி வந்தது. பின்னாளில் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அந்த வட்டாரக் கிராமங்களிலே அலைந்து, அவரை அறிந்த முதியவர்களிடம் கேட்டு, 1991-ல் பாதையில் பதிந்த அடிகள் என்ற நூலாக அவர் வரலாற்றை எழுதினார். அது இல்லாவிட்டால் இந்த அளவும் நமக்குத் தெரிந்திராது.

மணியம்மை செய்தது ஏதோ ஓர் அபூர்வப் பிறவியின் செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. கடல் கடந்த இங்கிலாந்திலே, பெண்கள் வாக்குரிமை கேட்டுத் தெருவுக்கு வந்த காலத்திலே, போலீசும் காலிகளும் அவர்களை இழுத்துப் போட்டு அடித்தார்கள். அப்போது ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள எடித் காரட் என்ற பெண்மணி, ஜப்பானியரின் ஜூஜுட்சு வித்தையை வாக்குரிமைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1913-ல் தலைவி எம்மலைன் பாங்கர்ஸ்டைக் காக்கப் பெண்களின் காவற்படையே அமைந்தது. லண்டன் பெண்ணும் மணலூர் பெண்ணும் ஒருவரையொருவர் அறிந்தவர்களல்லர். இருவரும் பொதுவேலைக்கு வந்தவர்கள். இருவருக்கும் வழி மறிக்கப்பட்டது. இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

கம்பு கற்றால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். தீராது. அம்மையாரின் வாழ்க்கையே அதற்குப் பதில். அவரிடம் கம்பு மட்டும் இருக்கவில்லை. பின்னே சங்கம் இருந்தது. சட்டம் வேண்டுமென்றும் அவர் போராடினார். 1968 டிசம்பர் 25 இரவு, அவர் நடமாடிய அதே கீழத்தஞ்சையிலே, கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்கே ஒருத்தி சிலம்பம் கற்றிருந்து என்ன பயன்? ஆகவே, பெண்ணே உன்னை நீயே காத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அரசாங்கமும் ஊரும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. தற்காப்புக் கற்காத பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் குற்றம் அவளுடையது அன்று, தீங்கு செய்தவனுடையதே.

இதைத் தெளிவாக வைத்துக்கொண்டு, கற்க வேண்டியதைக் கற்கச் சொல்கிறோம். பயன் உண்டா? உண்டு. கனடா நாட்டிலே மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெறாதவர்களில் ஓராண்டுக்குள் 100-க்குப் பத்துப் பேர் வரை வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் அது ஐந்து பேராகக் குறைந்தது. அந்தப் பயிற்சியிலே கையும் காலும் வீசுவது ஒரு பகுதிதான். ஆபத்தின் அறிகுறியை முன்கூட்டி உணர்வது, தெரிந்தவனே தீங்கு செய்வான் என்பதை மனம் ஒப்புக்கொள்வது, கூச்சத்தை விட்டு உரக்க மறுப்பது ஆகியவையும் பாடங்கள். நம் ஊரிலே ஒரு பெண் சத்தம் போட்டால் அடக்கமில்லாதவள் என்கிறோம். அந்தச் சத்தமே அவளுடைய முதல் ஆயுதம் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

சட்டமும் பெண்ணின் பக்கமே நிற்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலே இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளிலே இடம்பெற்றிருக்கிறது. தன் உடலையும் பிறர் உடலையும் காக்க எதிர்த்துத் தாக்கலாம். தேவைக்கு மேல் தாக்கக்கூடாது. போலீசை அணுக அவகாசம் இருந்தால் அணுக வேண்டும். ஆனால் வன்புணர்ச்சி நோக்கத்தோடு பாய்கிறவனையும், கடத்துகிறவனையும், அமிலம் வீச வருகிறவனையும் எதிர்க்கும்போது அவன் உயிர் போனாலும் அது தற்காப்பாகும் என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. உதவிக்கு அழைக்கப் பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112, குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்று எண்களும் நம் வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடமாக இருக்கின்றனவா? இன்று இரவே கேட்டுப் பாருங்கள்.

மாயவரம் 1982-ல் மயிலாடுதுறையாயிற்று. 2020-ல் தனி மாவட்டமும் ஆயிற்று. தமிழ்நாட்டிலே நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக அரங்கேறிற்று. வித்தை நம்முடையது, வாத்தியார்களும் நம் ஊர்களிலே இருக்கிறார்கள். ஒவ்வொரு பெண்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் கால அட்டவணைக்கு உள்ளேயே சிலம்ப வகுப்பு வேண்டும். கற்பிக்கப் பெண் பயிற்சியாளர்கள் வேண்டும். வயல்வேலைக்கும் கடைவேலைக்கும் போகும் பெண்களுக்கு விடுமுறை நாளிலே பயிற்சி வேண்டும். கடைசிப் பேருந்து நேரத்துக்கு வர வேண்டும். இறங்கும் இடத்திலிருந்து ஊர் வரை விளக்கு எரிய வேண்டும். இவற்றை ஊராட்சியிலும் நகராட்சியிலும் பெண்களே எழுந்து கேட்க வேண்டும்.

தாய்மார்களே, தந்தையர்களே! நாளை மாலை உங்கள் மகள் சிலம்ப வகுப்புக்குப் போக வேண்டும் என்று கேட்டால், இருட்டிவிடுமே என்று தடுக்காதீர்கள். அந்த இருட்டிலே நடந்து போகத்தான் மணலூர் மணியம்மை கம்பெடுத்தார். வாசல் வரை வந்து கம்பை எடுத்துக் கொடுத்து மகளை அனுப்பி வையுங்கள்.